மோதிரத்தின் உள்பக்கம்

கணினியில் நகை வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவது மோதிரம்தான். நகைகளில் அதைவிட எளிய உருவம் கிடையாது. ஒரு வட்டம் போடணும். அதன் உச்சியில், கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி சின்னதாக ஒரு குறுக்குவெட்டு வரையணும். பிறகு விரல் நுழைகிற திசையில் ஒரு அச்சைக் காட்டி, ரிவால்வ் என்ற கட்டளையைக் கொடுத்து 360 பாகை சுற்றச் சொன்னால் முழு மோதிரம் திரையில் வந்து நிற்கும். கைப்பழக்கம் வந்தவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. கோயம்புத்தூரில் ஒன்பது வருஷமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பையன் என்ன பண்றான் என்று யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல நகை வரையறானுங்க" என்பார். அப்பா, "வேலைக்குப் போறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் செல்வபுரத்தில் நாற்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி.

அந்த முதல் வட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். புதிதாக வருகிற பையன்கள் அதை மோதிரத்தின் வட்டம் என்று நினைப்பார்கள். அது மோதிரம் கிடையாது, விரல். 12ஆம் நம்பர் மோதிரம் என்றால் உள்விட்டம் ஏறக்குறைய 16.5 மில்லிமீட்டர், அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு, அதற்கு வெளியேதான் பொன்னை வைக்கத் தொடங்குகிறோம். இல்லாத ஒரு விரலைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது. நிஜ விரல் வட்டமாகவும் இருப்பதில்லை. அடியில் ஒல்லியாக, முட்டியில் பருத்து, வெயில் நாளில் வீங்கி, காலையில் ஒரு அளவும் சாயங்காலம் ஒரு அளவுமாக இருக்கும். அப்பா நூலைச் சுற்றி அளவெடுக்கும்போது கையைத் திருப்பிப் பார்ப்பார். "என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்பார். சின்ன வயதில் அதை உபசாரப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். நெசவாளிக்கும் வாத்தியாருக்கும் அவர் ஒரே தடிமனில் மோதிரம் அடிப்பதில்லை என்பது நான் மவுஸ் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்தது குறுக்குவெட்டு. மோதிரத்தின் குணம் முழுக்க இதில்தான் இருக்கிறது. நீள்சதுரமாக வரைந்தால் பட்டை மோதிரம். மேலே வளைந்து உள்ளே தட்டையாக இருந்தால் அரைவட்ட மோதிரம், நம் ஊரில் அதிகம் போவது அதுதான். உள்பக்கத்தையும் லேசாகப் புடைத்தாற்போல வரைந்தால் விரலில் வழுக்கிக்கொண்டு ஏறும், வேர்வை தங்காது, நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் உறுத்தாது. ஆனால் பொன் கூடும். கடைசியாக இன்னொரு வகை உண்டு. உள்பக்கத்தைப் புடைக்காமல் குடைந்துவிடுவது. வெளியே அதே கிண்ணம், அதே அகலம், அதே பளபளப்பு. உள்ளே பள்ளம். தொழிலில் இதற்கு ஹாலோ என்று பெயர்.

கணக்காகச் சொன்னால் விளங்கும். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், அகலம் 4, உயரம் 1.8 என்று ஒரு அரைவட்ட மோதிரம் வையுங்கள். குறுக்குவெட்டின் பரப்பை, அதன் மையம் ஒரு சுற்றில் கடக்கும் தூரத்தால் பெருக்கினால் கனஅளவு வந்துவிடும். அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் கிட்டத்தட்ட 1,700 வருஷம் முன்பே எழுதி வைத்த வழி இது. 22 காரட் தங்கம் ஒரு கன சென்டிமீட்டர் 17.7 கிராம் அளவில் நிற்கும். ஆக, இந்த மோதிரம் கெட்டியாக இருந்தால் சுமார் 5.8 கிராம். உள்ளே குடைந்து சுவரை 0.8 மில்லிமீட்டருக்கு விட்டால் 3.95. சுவரை 0.5 ஆக்கினால் 2.75. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மூன்றும் ஒரே மோதிரம். எனக்கு வித்தியாசம் ஒரு பெட்டிக்குள் இருக்கும் எண். 0.8ஐ அழித்துவிட்டு 0.5 என்று தட்டி எண்டர் அடிக்கணும், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க கண்ட்ரோல்-இசட் இருக்கிறது.

நான் அப்படித் தட்டினேன். ஒருமுறை இல்லை, எத்தனை முறை என்று எனக்கே கணக்குத் தெரியாது. சொன்னது ஒரு கடையின் கொள்முதல் மேலாளர். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். "தம்பி, பவுனு விக்கற வெலைல ஆறு கிராம் மோதிரம் யாருங்க வாங்குவாங்க? மூணு கிராமுக்குள்ள குடுத்தா நாலு குடும்பம் வாங்கும். உள்ள யாரு பாக்கப் போறா?" என்றார். முதல் பாதி முழுக்க உண்மை. நம் வீடுகளில் சீர் செய்வதற்கு மோதிரம் வேணும்; அது பார்க்கிறவர் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகவும் தெரியணும். ஆறு கிராமுக்கு வழியில்லாதவர் கையில் மூன்று கிராமை ஆறு மாதிரி காட்டித் தருவது ஒருவகை உபகாரம் என்று யாராவது வாதாடினால், நான் சட்டென்று மறுக்க மாட்டேன். எடை மறைக்கப்படவில்லை. 2.75 கிராம் என்று பில்லில் போட்டு 2.75 கிராமுக்குத்தான் காசு வாங்குகிறார்கள். தரமும் சரி. ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது. 916 என்று இருந்தால் 916தான். ஆனால் ஹால்மார்க் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லாது. தராசும் சொல்லாது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அப்பாவின் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும், ஒரு அம்மா வந்தார். மெஸ் ஒன்றில் சமையல் வேலை. மோதிரம் நெளிந்துவிட்டது, நிமிர்த்தித் தரணும். குண்டாவைக் காதைப் பிடித்துத் தூக்கும்போது அழுந்தியிருக்கிறது. "பையன் மொதல் சம்பளத்துல எடுத்துக் குடுத்ததுங்ணா, கழட்டவே மனசு வரல" என்றார். அப்பா அதை வாங்கி, கண்ணாடியைக் கீழே இறக்கி, உள்பக்கத்தைப் பார்த்தார். அடிப்பகுதி உள்வாங்கி, பள்ளத்தின் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. கெட்டி மோதிரம் நெளிந்தால் கூம்புக் கம்பியில் மாட்டி மரச்சுத்தியால் நாலு தட்டு தட்டினால் வட்டத்துக்கு வந்துவிடும். இதைத் தட்டினால் மடிப்பு விழும், இன்னொரு இடத்தில் கிழியும். குச்சியை வைத்து மெல்ல மெல்ல நெம்பி, முக்கால்வாசி சரி செய்தார். "இத வேலைக்குப் போட்டுக்காதீங்கம்மா. நல்லது கெட்டதுக்குப் போட்டுக்கங்க" என்று கொடுத்தார். காசு வாங்கவில்லை. அந்த அம்மா மோதிரத்தை விரலில் போடாமல், முந்தானை முனையில் முடிந்துகொண்டு போனார்.

பிறகு அப்பா பொதுவாகச் சொன்னார். "எந்தப் பையன் வரைஞ்சானோ."

நான் வாயைத் திறக்கவில்லை. அது நான் வரைந்ததா என்று எனக்குத் தெரியாது. இதுவரை நான் அனுப்பிய அரைவட்டக் கோப்புகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒரே கோப்பு மெழுகில் அச்சாகி, அதிலிருந்து ரப்பர் டை எடுத்து, மெழுகு மோதிரங்களை மரம் மாதிரி நட்டு, வார்த்து, எங்கெங்கோ போகும். அப்பா எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் தான் பற்ற வைத்த இடத்தை அடையாளம் கண்டுகொள்வார். எனக்கு என் மோதிரத்தைத் தெரியாது. என்னுடையதாக இருக்கலாம், இந்த ஊரில் என்னைப் போல வரைகிற இன்னொருவனுடையதாகவும் இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' எவ்வளவு வசதியானது என்று அன்று ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன். அந்த வசதிதான் என்னைத் தூங்க விடவில்லை.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் ஒரு மோதிரக் கதை உண்டு, பலருக்கும் தெரிந்திருக்கும். லிடியா நாட்டு மேய்ப்பன் ஒருவனுக்குப் பொன் மோதிரம் கிடைக்கிறது. அதன் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். வெளியே திருப்பினால் தெரிவான். அதை வைத்து அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டையே எடுத்துக்கொள்கிறான். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் ஒருவன் ஏன் நியாயமாக நடக்கணும் என்பது அங்கே எழும் கேள்வி. கதையை முதலில் படித்தபோது, பொறி மோதிரத்தின் உள்பக்கம் திரும்புவதில் இருக்கிறதே என்று தொழில்காரனுக்கு வரும் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. ஆனால் என் விஷயத்தில் அந்தக் கதை சரியாகப் பொருந்தவில்லை. மேய்ப்பனுக்கு ராஜ்ஜியம் கிடைத்தது. எனக்கு ஒரு கோப்புக்கு இவ்வளவு என்று கூலி. 0.8 போட்டாலும் 0.5 போட்டாலும் அதே கூலி. எனக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை. ஆசையே இல்லாமல் ஒருவன் இதைச் செய்ய முடியும் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. எண் சொன்னார்கள், தட்டினேன். தட்டுவது சுலபமாக இருந்தது.

அப்பாவின் காலத்தில் அது சுலபமாக இருந்திருக்காது. கையால் மோதிரத்தை உள்ளே குடையணும் என்றால் கெட்டி மோதிரம் செய்வதைவிட மும்மடங்கு வேலை. தகடு மெலிய மெலிய நெருப்புக்கு முன்னால் கை நடுங்கும். ஊதுகுழலில் ஒரு மூச்சு கூடிப் போனால் எல்லாம் உருகி உருண்டையாகிவிடும். அப்போது கெட்டியாகச் செய்வதுதான் சோம்பேறிக்கும் வசதி. அப்பாவின் நேர்மையில் பாதி தங்கத்தின் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. மனிதன் தப்பு செய்ய இரண்டு முறை யோசிக்கிற அளவுக்குப் பொருள் அவனை மறித்தது. என் திரையில் எதுவும் மறிக்காது. அரை மில்லிமீட்டர் சுவரும் ஐந்து மில்லிமீட்டர் சுவரும் அதே சாம்பல் நிறத்தில், அதே உறுதியோடு நிற்கின்றன. திரையில் எந்த மோதிரமும் நெளிந்து நான் பார்த்ததில்லை.

பழைய ஆசாரிகளைத் தெய்வங்களாக்கும் உத்தேசமும் எனக்கில்லை. தாய்க்குச் செய்கிற நகையிலும் தட்டான் கொஞ்சம் எடுப்பான் என்று பழமொழி சொல்லும் சமூகம் இது. பட்டறையில் எதிரே உட்கார்ந்து, வேலை முடியும்வரை கண் எடுக்காமல் பார்க்கும் வாடிக்கையாளர்களை நானே கண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் பட்டறை வாசல் மண்ணையும் சாக்கடையையும் அள்ளி அலசிப் பொன் எடுப்பவர்கள் உண்டு. அரத்தூளும் கைவசம் தப்பியதும் அங்கேதான் போய்ச் சேரும். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லனின் ஒரு பொய்யில் கோவலன் தலை போகிறது. வழக்கு தீர்வது சிலம்பின் உள்ளே. வெளித்தோற்றத்தில் மயக்கம் தந்த இரண்டில், அரசியுடையதில் முத்துப் பரல், கண்ணகியுடையதில் மாணிக்கப் பரல். உடைத்த பிறகுதான் உண்மை வெளியே வருகிறது. அதற்குப் பரிகாரமாகக் கொற்கையில் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று கண்ணகிக்குப் பலி கொடுத்தான் என்று நூலின் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பேர். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு வந்து வீட்டில் சொன்னபோது அப்பா, "அதுல நம்ம பாட்டன் தப்பிச்சுட்டான் போல" என்று சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பழைய சந்தேகம் முழுக்கத் திருட்டைப் பற்றியது. எடை குறைகிறதா, செம்பு கலக்கிறானா என்பதைப் பற்றியது. தராசும் ஹால்மார்க்கும் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. இப்போது நடப்பது திருட்டு கிடையாது, பொய்கூடக் கிடையாது. மோதிரத்தைக் கழற்றித் திருப்பினால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். யாரும் மறைக்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

சொல்லாமல் இருப்பது மறைப்பதாகுமா என்ற கேள்வியை ரோமானிய சிசரோ பொ.மு. 44இல் எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் எடுத்துக்கொள்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு முதலில் வந்து சேர்கிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சொன்னால் விலை இறங்கும். அவன் சொல்ல வேண்டுமா? பாபிலோனின் டயோஜெனீஸ், விற்கிறவன் சட்டம் கேட்கிற அளவுக்குக் குறையைச் சொன்னால் போதும் என்கிறார்; சரக்கைக் கொண்டுவந்தேன், வைத்தேன், விற்கிறேன், யாருக்கு என்ன அநியாயம் செய்தேன்? அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர் ஒத்துக்கொள்வதில்லை. வாங்குகிறவன் அறியாத எதையும் விற்கிறவன் அறிந்திருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். தெரிந்துகொண்டால் எதிராளிக்குப் பயன்படும் ஒன்றை நம் லாபத்துக்காக அவர் அறியாமல் வைத்திருந்தால் அது மறைப்புதான் என்று முடிக்கிறார். அந்த மேய்ப்பனின் மோதிரக் கதையும் இதே பகுதியில் வருகிறது.

அந்தத் தானியக்காரனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவனுக்கு எதிரே ஆள் நின்றார்கள். சொல்ல நினைத்தால் வாயைத் திறந்து சொல்லலாம். என் எதிரே யாரும் நிற்பதில்லை. நான் மேலாளருக்குச் சொல்லலாம். அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் சொல்லலாம். அவருக்கு மாத இலக்கு இருக்கிறது. முதல் சம்பளத்தோடு வந்த பையன், அம்மாவுக்கு எது எடுப்பாக இருக்கும் என்று பார்த்தானே தவிர, அம்மா குண்டா தூக்குவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சுவர் எவ்வளவு இருக்கணும் என்று தீர்மானிக்க அந்த ஒரு தகவல்தான் வேண்டியிருந்தது. அப்பா நூலைச் சுற்றும்போதே கேட்டுவிடுகிற தகவல். அது எங்கள் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் நுழையவில்லை. ஆகவே இது பொய்யைவிட விசித்திரமான ஒரு தப்பு என்று நினைக்கிறேன்: அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலை இப்போது யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாததால் என்னுடையதும் இல்லை என்று நான் ஒன்பது வருஷம் இருந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் சொன்னேன். அன்னைக்கு வந்த மோதிரம் மாதிரி நானும் வரைகிறேன் என்று.

"எத்தன மில்லி?"

"பாயிண்ட் அஞ்சுப்பா."

"அர மில்லியா?" சாமணத்தைக் கீழே வைத்தார். "அர மில்லித் தகட்டுல நான் தோடு பண்ணுவேன். காதுல யாரும் குண்டா தூக்கறதில்ல சாமி."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு நான் செய்தது பெரிய புரட்சி எதுவும் கிடையாது. அழுத்தம் விழுவது மோதிரத்தின் அடிப்பகுதியில், உள்ளங்கைப் பக்கம். எதையாவது பிடித்துத் தூக்கும்போது அங்கேதான் வாங்கும். மேல் பாதி கண்ணுக்கு, கீழ்ப்பாதி வேலைக்கு. இப்போது ரிவால்வ் கொடுத்து ஒரே குறுக்குவெட்டைச் சுற்றாமல், ஸ்வீப் கொடுக்கிறேன். உச்சியில் ஒரு குறுக்குவெட்டு, அடியில் இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மென்பொருளே இழைத்துக்கொண்டு போகும். மேலே சுவர் 0.5, அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு 0.8. வெளித்தோற்றம் மாறாது. ஒரு மோதிரத்துக்குச் சுமார் 0.4 கிராம் கூடுகிறது. வரைய ஐந்து நிமிஷம் அதிகம் பிடிக்கும், அதற்குக் கூலி கிடையாது. ஒரு புது ஆர்டருக்கு இப்படி வரைந்து, காரணத்தையும் எழுதி அனுப்பினேன். மேலாளர் அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "தம்பி, ஆயிரம் பீஸுக்கு நானூறு கிராமுங்க. அம்பது பவுனு. யாரு தலைல கட்டறது?" வாங்குகிறவர் தலையில்தான் என்று எனக்கும் தெரியும். அந்த 0.4 கிராமுக்கு இன்னொரு பையன் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்க்க முடியாமல் வேறு கடைக்குப் போகலாம், அங்கே அரை மில்லி மோதிரத்தையே எடுக்கலாம். அவனுக்காக நான் முடிவு எடுக்கிறேனா என்ற கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. பில்லில் எடைக்குப் பக்கத்தில் 'தினசரிக்கு ஏற்றதல்ல' என்று ஒரு வரி போட்டுவிடலாமே, பிறகு அவரவர் இஷ்டம், என்றும் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துச் சமாதானமாக ஒரு பதில் வந்தது. ஆண்கள் அளவுக்கெல்லாம் நான் வரைந்தபடியே இருக்கட்டும், ஆம்பளைங்க கை முரட்டுக் கை. பெண்கள் அளவுக்கு மட்டும் பழையபடி மாற்றிவிடுங்கள். அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மத்தியானம், அப்பா சாப்பாட்டுக் கூடையைக் கொடுக்க வந்தார். என் வேலை இடத்துக்கு அவர் வருவது அபூர்வம். பின்னால் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "உள்பக்கம் காட்டு" என்றார். பார்வைக்கோணத்தை நகர்த்தி மோதிரத்தின் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். விரல் இருக்கவேண்டிய இடத்திலிருந்து பார்த்தால் மோதிரம் சுற்றிலும் ஒரு சுரங்கம் மாதிரித் தெரியும். சுவரின் விளிம்பை விரலால் தொட்டார், திரையில் ரேகை பதிந்தது.

"எத்தனாம் நம்பர்?"

"பன்னெண்டுப்பா. லேடீஸ்."

"என்ன வேல பாக்கற பொம்பள?"

தெரியலைப்பா என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.